கலங்கினார், ஆனால் கைவிடவில்லை
(சீகன்பால்க் ஐயர் வாழ்க்கை வரலாறு)



இந்த இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது சீகன்பால்க் ஐயர் வாழ்க்கை. முழுப்பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனி நாட்டுக்காரர். கிறிஸ்தவப் போதகரை எங்க வீடுகளில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் வாழ்ந்த ஊர் ரொம்ப தூரம் இல்லை. நம்ம சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கொள்ளிடம் பாலம், சீர்காழி எல்லாம் தாண்டித் தரங்கம்பாடி வந்துவிடும். ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். டேனியர்கள் 1620-ல் அங்கே வந்து கோட்டை கட்டினார்கள் என்று வரலாற்றில் படித்திருப்போம். அந்தக் கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது.

சீகன்பால்க் ஐயர் என்றாலே அச்சுக்கூடம் வைத்தவர், பைபிளைத் தமிழில் கொடுத்தவர் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் நான் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது வேறு ஒன்றைத் தேடினேன். கடவுளை நம்புகிறவருக்குச் சந்தேகமே வராதா? ஜெபம் பண்ணியும் காரியம் நடக்கவில்லை என்றால், கடவுள் கேட்கிறாரா இல்லையா என்று மனசு கேட்குமே, அப்போது என்ன செய்வது? இதை வெளியே சொல்ல நிறைய பேருக்குப் பயம். சொன்னால் விசுவாசம் இல்லாத பிள்ளை என்று நினைத்துவிடுவார்களோ என்று இருக்கும். அதற்குப் பதில் கிடைக்குமா என்றுதான் இந்த வாழ்க்கையைப் படித்தேன்.

பிறப்பும் இளமையும்

சீகன்பால்க் 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. ஆனால் சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். அக்காதான் வளர்த்தார்.

அவர் அம்மா சாகும் நேரத்தில் பிள்ளைகளை எல்லாம் கட்டில் பக்கம் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு பெரிய சொத்து வைத்திருக்கிறேன், அதை வேதப்புத்தகத்தில் தேடுங்கள் என்று சொன்னதாக அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறது. வீடோ நிலமோ இல்லை, ஒரு பழைய புத்தகம்தான் சொத்து!

அவருக்கு உடம்பு எப்போதும் சரியில்லை. வயிற்று வலி, பலவீனம். ஹாலே என்ற ஊரில் பிராங்கே என்ற பெரியவர் அனாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் பள்ளியும் நடத்தி வந்தார். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் சீகன்பால்க் படிக்கப் போனார். உடம்பு முடியாமல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். கடவுள் தன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்றால் இந்த உடம்பை ஏன் கொடுத்தார் என்ற குழப்பம் அவருக்கு இருந்தது. தனக்குத் தகுதி இல்லை என்றே நினைத்தார்.

அந்த நேரத்தில்தான் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் இந்தியாவுக்குப் போதகர்களை அனுப்ப ஆள் தேடினார். சீகன்பால்க்கையும் அவர் நண்பர் புளுட்சோவையும் கேட்டார்கள். தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். சந்தேகம் எல்லாம் தீர்ந்த பிறகு அவர் கப்பல் ஏறவில்லை. சந்தேகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் ஏறினார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது அவர் வயது 23.

மணலில் எழுதிப் படித்த வெள்ளைக்காரர்

1705 நவம்பர் மாதம் கிளம்பிய கப்பல் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்தது. ஏழு மாதத்துக்கு மேல் கடல் பயணம். வந்து இறங்கினால் வரவேற்க ஆள் இல்லை. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் என்பவருக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. அரசர் அனுப்பிய ஆட்கள் என்று கூடப் பார்க்காமல், முன்பின் தெரியாத ஊரில் நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டார்கள்.

சீகன்பால்க் ஐயர் அதற்காக மூலையில் உட்காரவில்லை. தமிழ் படிக்க ஆரம்பித்தார். எப்படித் தெரியுமா? ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். பிறகு அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரிடம் பேச்சு பழகினார். ஒரு வருஷம் ஆவதற்குள் தமிழில் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டார்.

தமிழ் ஓலைச்சுவடிகள் நூற்றுக்கு மேல் சேர்த்து, 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியலே எழுதினார். நாம் சின்ன வகுப்பில் மனப்பாடம் பண்ணும் கொன்றை வேந்தன், உலகநீதி இரண்டையும், நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் மாற்றினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் காலத்திலேயே பள்ளி வைத்தார் என்பதை நம் வகுப்புத் தோழிகள் கவனிக்க வேண்டும்.

1707-ல் கடற்கரை ஓரமாக ஒரு சிறிய கோயிலும் கட்டினார். எல்லாம் நன்றாகப் போவது போல இருந்தது.

கடலோடு போன பெட்டி

கையில் இருந்த பணம் எல்லாம் பள்ளிக்கும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. ஊரிலிருந்து பணம் வரும் என்று காத்திருந்தார். 1708-ல் கப்பலும் வந்தது.

தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் ஆழத்தில் நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் சாமான்களை ஏற்றி அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து பணப்பெட்டி கடலோடு போய்விட்டது. பாதி உலகம் சுற்றி வந்த பணம், கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மூழ்கியது. ஐயோ! எப்படி இருந்திருக்கும்?

கடல் எடுத்துக்கொண்டு போவது என்றால் என்ன என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. எங்க ஆயா சொல்லித்தான் தெரியும். முதல் நாள் கிறிஸ்துமஸ், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை பக்கம் எல்லாம் சேர்த்து நம்ம மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வாரம் ஆயா கடவுளிடம் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாங்களாம். பதில் வரவே இல்லையாம். ஆனாலும் தினமும் விடியற்காலையில் எழுந்து, வீடு இழந்தவர்கள் தங்கியிருந்த இடத்தில் மற்ற பெண்களோடு சேர்ந்து சோறு வடித்தாங்களாம். இன்றைக்குக் கேட்டாலும் பதில் தெரியாது என்றுதான் சொல்லுவாங்க.

சீகன்பால்க் ஐயரும் அப்படித்தான் செய்தார். பெட்டி ஏன் மூழ்கியது என்பதற்கு அவருக்கு விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. கடன் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார். அதே வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதத் தொடங்கினார். கையில் காசு இல்லாத நேரத்தில் தொடங்கிய வேலை அது.

நாலு மாதச் சிறை

எழுதத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணவனை இழந்த ஒரு ஏழைத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு பண வழக்கில் நியாயம் கிடைக்கவில்லை. சீகன்பால்க் அவருக்காகப் பேசினார். கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்குக் கோபம் வந்தது. 1708 நவம்பர் 19-ஆம் தேதி ஐயரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார்கள்.

ஏறக்குறைய நாலு மாதம் தனி அறை. நண்பர் புளுட்சோவைக் கூடப் பார்க்க விடவில்லை. முதலில் பேனாவும் காகிதமும் கிடையாது. வெளியே அவரை நம்பி வந்த ஏழை ஜனங்கள் மேய்ப்பன் இல்லாத ஆடு மாதிரி சிதறினார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தப்பு செய்து சிறைக்குப் போனால் அது வேறு. ஒரு விதவைக்கு உதவி செய்யப் போய் அடைபட்டால், கடவுள் எங்கே என்று மனசு கேட்காதா? அவரும் மனிதர்தானே. அந்த அறையில் அவருக்கும் ரொம்பக் கலக்கம் இருந்திருக்கும்.

காகிதம் கிடைத்ததும் அந்தச் சிறையிலேயே புத்தகம் எழுதினார். 1709 மார்ச்சில் விடுதலை ஆனார். அந்த வருஷமே கப்பலில் புதிய உதவியாளர்களும் பணமும் வந்தன. இவர்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்று அரசர் ஹாசியஸுக்கு எழுதிய உத்தரவும் வந்தது. வந்தவர்களில் ஒருவர்தான் குருண்ட்லர் ஐயர். கடைசி வரை சீகன்பால்க்குக்கு வலது கையாக இருந்தவர்.

அச்சு எந்திரம் வந்த கதை

1711 மார்ச் 21-ஆம் தேதி புதிய ஏற்பாட்டை எழுதி முடித்தார். ஓலையிலும் கையாலும் எத்தனை பிரதி எடுப்பது? அச்சடிக்க வேண்டும்.

லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கம் ஒரு அச்சு எந்திரத்தையும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவரையும் கப்பலில் அனுப்பியது. வழியில் தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எந்திரம் எப்படியோ தப்பியது. ஆனால் கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். 1712-ல் எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஓட்ட ஆள் இல்லை! தேடிப் பார்த்ததில், தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரியும் என்று தெரிந்தது. அவரை வைத்து வேலை தொடங்கினார்கள்.

தமிழ் எழுத்துகளை ஹாலே நகரத்தில் வார்த்து 1713-ல் அனுப்பினார்கள். அவை ரொம்பப் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறைய செலவானது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தது. இந்திய மொழி எதிலும் புதிய ஏற்பாடு அச்சானது அதுதான் முதல் முறை. தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் இதற்கு முன்பே, 1578-ல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்ம கடலூரில் ஒரு பள்ளி

இடையில் சீகன்பால்க் ஐரோப்பா போய்த் திருமணம் முடித்து, 1716-ல் மனைவி மரியா தொரோத்தேயாவோடு திரும்பி வந்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணப் புத்தகம் அந்த வருஷம் ஹாலேயில் அச்சானது.

அடுத்த வருஷம் 1717-ல் நம்ம கடலூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அப்போது தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர்களின் புனித டேவிட் கோட்டை இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குத் தரைவழியாகப் போக வேண்டும் என்றால் கொள்ளிடத்தைத் தாண்டி நம்ம பக்கமாகத்தான் வர வேண்டும். இன்றைக்கு நாம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போகும் தூரத்தை, பல்லக்கிலும் நடந்தும் பரிசலிலும் நாள் கணக்கில் கடந்தார்கள்.

கடைசிக் கடிதம்

இதுவரை வந்த கஷ்டம் எல்லாம் கடலாலும் எதிரிகளாலும் வந்தது. கடைசியில் வந்தது சொந்த ஆட்களிடமிருந்து. டென்மார்க்கில் இந்த ஊழியத்தை நடத்திய சங்கத்துக்குப் புதிதாக வென்ட் என்பவர் செயலாளராக வந்தார். போதகர்கள் ஏசுவின் சீடர்கள் மாதிரி கையில் ஒன்றும் இல்லாமல் பிரசங்கம் செய்துகொண்டு போக வேண்டும், பள்ளிக்கூடம், கட்டடம், அச்சுக்கூடம் என்று பணம் செலவு செய்வது தப்பு என்பது அவர் எண்ணம். ரொம்பக் கடுமையாகக் கடிதம் எழுதினார்.

மணலில் எழுதிப் படித்தது, சிறையில் இருந்தது, பிள்ளைகளுக்குச் சோறு போடக் கடன் வாங்கியது எல்லாமே தப்பு என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? ஏற்கெனவே நோயாளியான சீகன்பால்க் ஐயருக்கு அது பெரிய அடி. மனசு உடைந்தார். ஆனாலும் கட்டிக்கொண்டிருந்த பெரிய கோயில் வேலையை நிறுத்தவில்லை. 1718 அக்டோபர் 11-ஆம் தேதி புதிய எருசலேம் ஆலயத்தைத் திறந்தார்கள். நாலு மாதம் கழித்து 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி இறந்துபோனார். வயது 36. அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் குருண்ட்லர் ஐயரும் இறந்தார்.

அவர் கண் மூடும்போது சபையில் இருந்தது சில நூறு பேர்தான். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைதான் தமிழில் எழுதியிருந்தார். செய்தது சரியா தப்பா என்ற கேள்விக்கு முடிவு தெரியாமலே போய்விட்டார்.

மீதி வேலையை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே ஐயர் செய்து, 1728-க்குள் பைபிள் முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. 1750-ல் கடலூரில் கப்பல் விட்டு இறங்கிய சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூர், திருச்சி வரை போய்ப் பள்ளிகள் வைத்தார். புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிறது. அவர் வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. இதில் எதையும் அவர் பார்க்கவில்லை.

நான் புரிந்துகொண்டது

ஏசுவின் 12 சீடர்களில் தோமா என்பவர் ஏசு உயிர்த்ததை நம்பவில்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். ஏசு அவரைத் துரத்தவில்லை, கிட்டே வந்து தொடச் சொன்னார். அந்தச் சந்தேகத் தோமாதான் சீடர்கள் எல்லாரிலும் அதிக தூரம் நடந்து நம்ம சென்னை வரை வந்தார், பரங்கிமலையில் இறந்தார் என்று பாரம்பரியமாகச் சொல்கிறார்கள். ஆக, சந்தேகப்பட்டவருக்கும் கடவுளிடம் இடம் இருக்கிறது.

சீகன்பால்க் ஐயர் வாழ்க்கையில் பெட்டி மூழ்கியபோது கடல் பிளக்கவில்லை. சிறைக்கதவு தானாகத் திறக்கவில்லை. கடைசிக் கடிதம் தந்த காயமும் ஆறவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒன்றுதான், மறுநாள் காலையில் செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகள் பசியோடு காத்திருந்தார்கள், ஒரு அதிகாரம் எழுத வேண்டியிருந்தது. அதைச் செய்தார். சந்தேகம் தீர்ந்த பிறகு வேலை செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தால் நம்ம கையில் ஒன்றும் இருக்காது.

மனசில் கேள்வி இருந்தாலும் கடவுள் கொடுத்த வேலையைக் கீழே போடாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நான் நினைக்கிறேன். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இல்லை. நம்ம பள்ளியில் கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருக்கிறோம். யாருக்கும் ஒரு நாள் பெட்டி மூழ்கலாம். வேண்டிக்கொண்டும் மார்க் வராமல் போகலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியாகாமல் போகலாம். அப்போது பக்கத்தில் இருக்கிறவர் சந்தேகப்பட்டால், உனக்கு நம்பிக்கை இல்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். கூட உட்காருங்கள், அன்றைக்கு ஆக வேண்டிய வேலையில் கொஞ்சம் கை கொடுங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி